கோழிக்குக் கூடு மட்டும் போதுமா?

புறக்கடையில் கூடு கட்டிக் கோழி வளர்க்கும் அங்கத்தினர்களுக்கு, அக்கூட்டை ஒட்டித் திறந்த வெளியொன்றும் வேண்டுமா, அல்லது கூடே போதுமா என்னும் வினா நமது சரகத்தில் எழுந்துள்ளது. கேட்பதற்கு இது சிறிய வினாவாகத் தோன்றலாம். ஆனால் ஒரு சங்கத்தில் இதன் பொருட்டு மூவருடைய கடன் தவணைகள் நிலுவையில் நிற்கின்றன. அந்நிலுவைக்கு, நாம் ஆராயாமல் கூறிய ஒரு யோசனை பெரிதும் காரணமாயிற்று. ஆதலின் இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே எழுதக் கடமைப்பட்டுள்ளோம்.

அவ்வூர் நெசவாளரும் உழவரும் கலந்து வாழும் ஊர். ஆயத்தமாகச் சுற்றிய பாவை வாங்கித் தறியில் ஏற்றும் வழக்கம் பரவிவிட்ட இந்நாளிலும், அங்குச் சில குடும்பத்தார் விடியற்காலையில் பாவடியில் பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டு உலர்த்துகின்றனர். அவ்வூர்க் கடன் சங்கம், புறக்கடைக் கோழி வளர்ப்புக்கென்று பெண் அங்கத்தினர் பன்னிருவருக்குச் சிறு கடன் வழங்கியிருந்தது. ஒவ்வொருவரும் 10 பெட்டையும் 1 சேவலும் வாங்கினர். ஐதராபாத்திலுள்ள கோழி ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கிய கிராமப்பிரியா என்னும் இனம் அது. சில மாதங்கள் யாவும் நன்றாகவே நடந்தன. பின்னர் ஒரு நாள் காலை, சிந்திய கஞ்சிப் பருக்கையைப் பொறுக்கப் பாவடிக்குச் சென்ற கோழிகளை நாயொன்று துரத்த, அவை பறந்து விழுந்தது நீட்டிக் கட்டிய சேலைப் பாவின்மேல். அறுந்த இழைகளை எடுத்து முடிவதிலேயே அன்றைய வேலையும் மறுநாள் பாதி வேலையும் போயின. பாவுக்குரியவரும் கோழிக்குரியவரும் ஒரே சங்கத்தின் அங்கத்தினர்கள், சுவரடுத்த வீட்டினர்.

நிர்வாகக் குழு கூடியபோது நாமும் அங்கிருந்தோம். எமது அபிப்பிராயம் கேட்கப்பட்டது. “கோழிகளைக் கூட்டிலேயே அடைத்துத் தீனி போடுங்கள். நாமக்கல் பண்ணைகளில் இலட்சக்கணக்கான கோழிகள் மண்ணை மிதியாமலேயே முட்டையிடவில்லையா?” என்று நாம் கூறினோம். கணக்கும் போட்டுக் காட்டினோம். தரையில் கூளம் பரப்பி வளர்க்கும் முறையில் முட்டைக்கோழி ஒன்றுக்கு 2 முதல் 2½ சதுர அடி இடம் வேண்டும் என்பது நூல்களில் கண்ட அளவு. அங்கத்தினர்களின் கூடுகளோ 6 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ளவை. அதாவது 24 சதுர அடி. பதினொரு பறவைகளுக்கு அது கணக்கில் சரியாகவே வந்தது. தீர்மானம் நிறைவேறியது. நாமும் கையொப்பமிட்டு ஊர் திரும்பினோம்.

மூன்று திங்கள் கழித்துச் சென்றபோது கண்டவை வேறு. நாள்தோறும் நான்கு, ஐந்து என்று கிடைத்துவந்த முட்டை ஒன்று, இரண்டாகக் குறைந்திருந்தது. கிடைத்தவற்றிலும் பல, விரல் பட்டாலே உடையும் மெல்லிய ஓடுடையவை. கூட்டின் கதவைத் திறந்தால் கண் எரியும் நெடி. சில கோழிகளின் முதுகில் இறகில்லை. ஒன்றையொன்று கொத்திப் பிடுங்கியிருந்தன. ஒரு வீட்டில் இரண்டு கோழிகள் பின்புறத்தில் கொத்துப்பட்டே இறந்துவிட்டன. தீனிச் செலவோ இருமடங்காயிற்று. அவ்வீட்டு மூதாட்டியார் எம்மைப் பார்த்துக் கேட்டதை அவர் சொற்களிலேயே தருகிறோம்: “ஏனுங்க ஐயா, உங்களை ஆபீசுக்குள்ளயே பூட்டி வெச்சு மூணு மாசம் குருணைக் கஞ்சி மட்டும் ஊத்துனா, நீங்க கணக்குப் பாப்பீங்களா?” அருகிலிருந்தோர் சிரித்தனர். நாமும் சிரித்தோமாயினும், அவ்வினாவிலேயே விடை அடங்கியிருந்தது என்பதை உணரச் சில நாட்கள் ஆயின.

நாமக்கல் உவமையில் நாம் செய்த பிழையை முதலில் கூறுவோம். பண்ணைக் கூண்டில் ஒரு கோழிக்கு ஏறக்குறைய அரைச் சதுர அடி இடமே உண்டு. எனினும் அது ஆண்டுக்கு 300 முட்டை வரை இடுகின்றது. இது உண்மையே. ஆனால் அக்கோழிக்கு நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் கலப்புத் தீவனம் அளந்து வைக்கப்படுகின்றது. அதில் புரதம், சுண்ணாம்புச் சத்து, உயிர்ச்சத்துக்கள், தாதுப்புக்கள் யாவும் கணித்துச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. மாலையில் விளக்கெரித்துப் பகற்பொழுது நீட்டப்படுகின்றது. ஒன்றையொன்று கொத்தாதிருக்கக் குஞ்சுப் பருவத்திலேயே அலகின் நுனியும் நீக்கப்படுகின்றது. வெளியில் கிடைக்கவேண்டிய ஒவ்வொன்றுக்கும் பண்ணையாளர் ஒரு மாற்றை விலை கொடுத்து வாங்கி உள்ளே வைக்கிறார். நம் அங்கத்தினர்கள் வெளியை மூடினார்களேயன்றி மாற்று எதனையும் வைக்கவில்லை. வைக்கும்படி நாம் சொல்லவுமில்லை. குருணையும் தவிடும் போட்டார்கள். அதுவரை அவர்கள் போட்டு வந்ததும் அதுதான். அப்போது போதுமாயிருந்தது இப்போது ஏன் போதவில்லை?

அப்போது கோழி தன் உணவில் பெரும்பகுதியைத் தானே தேடிக்கொண்டது. கிராமக் கோழிக்கு நாம் இடும் குருணை ஒரு துணை உணவே. மண்புழு, கரையான், வண்டு, எருக்குழியின் புழு, பசும்புல்லின் நுனி, உதிர்ந்த தானியம், சிறு கல், கிளிஞ்சல் துண்டு ஆகியவையே அதன் மெய்யான சாப்பாடு. குருணையில் புரதம் நூற்றுக்கு 8 பங்குக்குமேல் இல்லை. முட்டையிடும் கோழிக்கு வேண்டுவதோ 16 பங்கு. சுண்ணாம்புச் சத்தின் கதை இதனினும் மோசம். ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் உண்டு. 90 கிராம் குருணை தின்றாலும் அதிலிருந்து ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைப்பதில்லை. கோழி என்ன செய்யும்? தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டும். அதுவும் தீரும்போது ஓடு மெலியும், பின்னர் முட்டையே நின்றுவிடும், கால்கள் தளரும். நாம் கண்ட மெல்லிய ஓடுகள் இதற்குச் சாட்சி.

செலவுக் கணக்கையும் அங்கத்தினர்கள் பார்த்துக்கொள்ளலாம். வெளியில் மேயும் கோழிக்குக் காலையிலும் மாலையிலுமாக 40 கிராம் துணைத்தீனி போதும். பத்துக் கோழிக்கு மாதம் 12 கிலோ. அடைத்து வைத்த கோழிக்கு 90 கிராம் என்று சிக்கனமாகவே வைத்தாலும் மாதம் 27 கிலோ. ஆக, கதவைச் சாத்தியதால் மாதந்தோறும் 15 கிலோ தீனி கூடுதலாக வாங்க வேண்டியதாயிற்று. அதுவும் குருணையாக இருந்தால் பயனில்லை, கலப்புத் தீவனமாக இருத்தல் வேண்டும். கடன் மனுவில் எழுதிய வரவு செலவுத் திட்டத்தில் இச்செலவு எங்கே இருந்தது? அத்திட்டத்தைச் சரிபார்த்தவர்களுள் நாமும் ஒருவராதலின், இவ்வினாவை நம்மையே கேட்டுக்கொள்ளுகிறோம்.

வெயிலைப் பற்றியும் கூறவேண்டும். 1920ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹார்ட், ஸ்டீன்பாக் முதலிய அறிஞர்கள், வீட்டினுள் வளர்த்த குஞ்சுகளுக்குக் கால்கள் தளர்ந்து விழுவதையும், அவற்றை வெயிலில் விட்டாலோ, மீனெண்ணெய் கொடுத்தாலோ அந்நோய் வாராதிருப்பதையும் ஆய்ந்து காட்டினர். காரணம் இன்று யாவரும் அறிந்ததே. கால்சியத்தை உடலில் ஏற்றும் வைட்டமின் டி, வெயில் படும்போது தோலில் உண்டாகின்றது. கோழிக்கு அது இறகில்லாத கால்களின் தோலில் மிகுதியாக உண்டாகின்றது. இச்சத்தைத் தீவனத்தில் கலக்கக் கற்றுக்கொண்ட பின்னரே, ஆண்டு முழுவதும் கோழியைக் கூரைக்குள் வைத்து வளர்ப்பது உலகில் இயலக்கூடிய காரியமாயிற்று. கண்ணாடிச் சன்னலின் வழியாக வரும் வெளிச்சம் இதற்குப் பயன்படாது. அதற்கு வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். வெயில் நேராகக் காலில் படவேண்டும். நம் நாட்டில் வெயிலுக்கு விலையில்லை. கதவு திறந்தால் போதும்.

கிளறுதலும் மண்ணில் புரளுதலும் கோழிக்குப் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் உளர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். கோழியின் முன்னோராகிய காட்டுக்கோழி, பகற்பொழுதில் பெரும்பகுதியை நிலத்தைக் கொத்துவதிலும் கிளறுவதிலும் கழிக்கும் இயல்புடையது. பல்லாயிரம் ஆண்டுகளாக வீட்டில் வளர்ந்தும் இவ்வியல்பு மறையவில்லை. தீனிக் கலம் நிறைந்திருக்கும்போதும் கோழி தரையைக் கொத்தும். கொத்துவதற்குத் தரை இல்லையேல் அடுத்த கோழியின் இறகைக் கொத்தும். ஒருமுறை இரத்தம் கண்டுவிட்டால் பின்னர் நிறுத்துவது கடினம். இறகு கொத்தும் தீமைக்கு இட நெருக்கமும் சத்துக் குறைவும் மிகு வெளிச்சமும் காரணங்களாகக் கூறப்படினும், கிளற ஏதுமில்லாமையே அவற்றுள் தலையாயது. புழுதிக் குளியலும் இத்தகையதே. ஏறக்குறைய இரண்டு நாட்களுக்கு ஒருமுறை, பெரும்பாலும் நண்பகலையொட்டி, கோழி உலர்ந்த மண்ணில் படுத்துப் புரண்டு மண்ணை இறகுகளுக்குள் செலுத்தி உதறும். இறகில் படிந்த பழைய எண்ணெய்ப் பசையும் பேனும் அதனால் நீங்குகின்றன. அடைபட்ட கோழிகளில் பேன் மிகுந்திருந்ததை நாம் நேரில் கண்டோம்.

ஐரோப்பியக் கூட்டு நாடுகளில், வெறுங்கூண்டில் முட்டைக்கோழி வளர்ப்பதை 1999ஆம் ஆண்டில் இயற்றிய ஆணையின்படி 2012ஆம் ஆண்டு முதல் தடை செய்துவிட்டனர். அதன் பின்னரும் கூண்டு வைப்போர் முட்டையிடும் அறை, அமர்கழி, கிளறுவதற்கான கூளம் ஆகியவற்றைக் கூண்டினுள் அமைத்தாக வேண்டும். பெரும் பண்ணைக்காரரே இவற்றைச் செய்ய நேர்ந்ததென்றால் பத்துக் கோழி வைத்திருப்போர் செய்யலாகாதா?

அப்படியானால் பழையபடி அவிழ்த்து விட்டுவிடுவதுதானே என்று கேட்கலாம். அதுவும் சரியன்று. பாவடிக் கதையை மேலே கூறினோம். உழவர் வீடுகளில் வேறு தொல்லை. நாற்றங்காலில் விதை தெளித்த நாள் முதல் முளை ஊன்றும் வரை கோழி பகையே. அக்கம்பக்கத்தாரின் நிலக்கடலை விதைப்பில் கோழி இறங்கினால் வழக்கு ஊர்ப் பொதுவுக்குச் செல்லும். மருந்து கலந்த விதையைப் பொறுக்கித் தின்றும், எலிக்கு வைத்த நஞ்சைத் தின்றும் கோழிகள் கூட்டமாக மடிவதுண்டு. எவர் மீதும் குற்றம் கூற இயலாத நட்டம் அது. கீரி, மரநாய், பூனை, நாய் ஆகியவற்றை அங்கத்தினர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. குஞ்சுகளுக்கு வல்லூறும் காகமும் எமன்கள். நம் முன்னோர் குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தது காரணமின்றியன்று. மூடிய கூட்டுக்கும் முழு விடுதலைக்கும் இடையிலான வழியைப் பஞ்சாரம் அன்றே காட்டியது: காற்றும் வெயிலும் மண்ணும் உண்டு, எல்லையும் உண்டு.

அப்பஞ்சாரத்தையே பெரிதாக்கினால் கிடைப்பது, கூட்டை ஒட்டி வேலியடைத்த பட்டி. இரவில் கோழி கூட்டிலும், பகலில் பட்டியிலும் இருக்கும். எவ்வளவு இடம் வேண்டும் என்பதே பலருடைய கவலை. பட்டியில் கோழி ஒன்றுக்கு 10 சதுர அடி விட்டால் தாராளம். ஆகப் பத்துக் கோழிக்கு 100 சதுர அடி. ஒரு சென்ட் நிலம் 435 சதுர அடிக்குச் சற்று மிகுதியாதலின், கால் சென்டிலும் குறைவான இடமே இதற்கு வேண்டும். ஆட்டுக் கொட்டகைக்குப் பக்கத்திலோ கிணற்று மேட்டிலோ இவ்வளவு இடம் இல்லாத கொல்லை அரிது.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஒரே பட்டி போதாது. அதே அளவில் இரண்டு வேண்டும். இதனைப் பலர் வீண் செலவென்று விட்டுவிடுகின்றனர். அங்கேதான் பட்டி முறை கெடுகின்றது. இவ்வளவு சிறிய இடத்தில் புல் ஒரு மாதமும் நில்லாது. வெறுந்தரையில் எச்சம் சேரும். மழை பெய்தால் சேறாகும். ஈரமும் வெப்பமும் சேர்ந்த மண்ணில் இரத்தக் கழிச்சல் நோயின் நுண்ணுயிர்கள் ஓரிரு நாட்களிலேயே தொற்றும் பருவத்தை அடைந்துவிடுகின்றன. குடற்புழுக்களின் முட்டைகளோ மாதக்கணக்கில் கிடக்கும். ஒரு பட்டியில் கோழி இருக்கும்போது மற்றதைக் கொத்திவிட்டுக் காயப் போடவேண்டும். கீரையோ கம்போ தூவி விட்டால் அதுவே அடுத்த முறை கோழிக்குப் பசுந்தீனியாகும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம். மழைக்காலத்தில் சேறு கண்டவுடன் மாற்றலாம். அடர்ந்த களிமண் உள்ளவர்கள் ஒரு வண்டி மணல் கொட்டுவது நலம்.

பட்டியில் புல் நில்லாது என்றோமே, பின்னர்க் கோழி எதைக் கிளறும் என்று கேட்கலாம். காய்ந்த இலை, வைக்கோல், கடலைத்தோல், அடுப்புச் சாம்பல், சமையற்கட்டின் கீரைத் தண்டு ஆகியவற்றை ஒரு மூலையில் குவித்தால் அவை நாள் முழுவதும் கிளறிப் பரப்பும். மாலையில் மறுபடியும் குவித்துவிட வேண்டும். மக்கியபின் அதுவே முதல் தரமான எரு. புழு வேண்டுவோர்க்குப் பழைய முறையொன்று உண்டு: வாயகன்ற மண்பானையில் கிழிந்த கோணி, காய்ந்த சாணம், வைக்கோல் இவற்றைத் திணித்து நீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் மறுநாட் காலை பானை நிறையக் கரையான் சேர்ந்திருக்கும். குஞ்சுகளுக்கு இதனினும் சிறந்த புரதம் கடையில் இல்லை. கிளிஞ்சலை இடித்து ஒரு கொட்டாங்கச்சியில் தனியே வைத்துவிட்டால் வேண்டிய கோழி வேண்டியபோது தின்னும். தீனியில் கலக்க வேண்டியதில்லை. சேவலுக்கும் குஞ்சுக்கும் அவ்வளவு சுண்ணாம்பு ஆகாது.

நிழலை மறக்கலாகாது. கோழிக்கு வியர்வை இல்லை. அதன் உடற்சூடு 41 டிகிரி. சித்திரை வெயிலில் வாயைத் திறந்து இரைக்கும் கோழியை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மேலும், மேலே மறைப்பில்லாத பொட்டலில் கோழி இறங்கத் தயங்கும். பருந்தின் அச்சம் அதன் இரத்தத்தில் ஊறியது. பட்டியின் ஒரு பாதிக்குமேல் பந்தலிட்டுச் சுரையோ அவரையோ ஏற்றிவிட்டால் நிழலும் ஆயிற்று, காயும் ஆயிற்று. அகத்தியும் முருங்கையும் வேலியோரத்தில் நட்டால் தழை தீனியாகும்.

வேலி ஆறடி உயரம் இருந்தால் நலம். இந்த இனம் அவ்வளவு பாரமானதன்று, பறக்கும். நான்கடி வேலியே வைத்திருப்போர் ஒரு பக்கத்துச் சிறகின் நீண்ட இறகுகளை மட்டும் கத்தரித்தால், சமநிலை தவறிப் பறக்கமாட்டாது. இறகு உதிர்ந்து முளைக்கும்போது மீண்டும் கத்தரிக்க வேண்டும். கீழே இரண்டடி வரை கண் சிறுத்த வலையோ நெருங்கப் பின்னிய மூங்கில் தட்டியோ வேண்டும்; கீரிக்கு ஒரு சிறு சந்து போதும். வலையின் அடியை ஓரடி மண்ணுக்குள் புதைத்தல் வேண்டும். மேலே பழைய மீன்வலை கட்டினால் காகமும் வல்லூறும் இறங்கா. எனினும் எவ்வளவு நல்ல வேலியும் இரவுக் காவலாகாது. அந்தி மயங்கும்போது கோழிகள் தாமே கூட்டுக்குள் ஏறிவிடும். இருட்டில் அவற்றுக்குக் கண் தெரியாது. ஏறியவுடன் எண்ணிப் பார்த்துக் கதவைத் தாழிடுவதை வீட்டில் ஒருவர் பொறுப்பாகக் கொள்ளவேண்டும். நாம் விசாரித்த மட்டில், மரநாய் கொண்டுபோன கோழிகளெல்லாம் “இன்றைக்கு யாரோ சாத்தியிருப்பார்கள்” என்று எல்லோரும் நினைத்த இரவுகளில் போனவையே.

நோயைப் பற்றி அங்கத்தினர்களிடையே இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. அடைத்து வைத்தால் வெள்ளைக்கழிச்சல் வாராது என்பது ஒன்று. இராணிக்கெட் என்று மருத்துவர் கூறும் அந்நோய், சந்தையில் வாங்கிய புதுக்கோழியோடும் நம் செருப்போடும் கூட்டுக்குள்ளேயே வரும். அதற்குத் தடுப்பு மருந்து ஒன்றே காப்பு: குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் தடுப்பூசி, அதன் பின்னர் கால்நடை மருந்தகத்தார் கூறும் காலங்களில் மீண்டும். கால்நடைப் பராமரிப்புத் துறையார் நடத்தும் இருவார முகாம்களை வீணாக்கலாகாது. மற்றொன்று, வெளியில் விட்டால் பறவைக் காய்ச்சல் வந்துவிடும் என்பது. இந்தியாவில் அந்நோய் முதன்முதல் 2006ஆம் ஆண்டு பிப்ரவரியில் மகாராஷ்டிரத்து நவாப்பூரில் கண்டறியப்பட்டது. அங்குப் பாதிக்கப்பட்டவை பெரும்பாலும் பண்ணைக் கோழிகளே. 2014 நவம்பரில் ஆலப்புழைப் பகுதியில் வயல்களில் மேயும் வாத்துக்களிடையே பரவியது. ஆகவே அடைப்பதனால் மட்டும் தப்புவதுமில்லை. நீர்நிலையில் வரும் காட்டுப் பறவைகளோடு கலப்பதில் ஆபத்து இல்லாமலுமில்லை. பட்டியில் செய்யத்தக்கது இது: தீனியையும் தண்ணீரையும் திறந்த வெளியில் வையாது கூரையின் கீழே வைத்தல், ஏரியிலும் குட்டையிலும் கோழியையும் வாத்தையும் ஒன்றாக விடாதிருத்தல், அருகில் நோய் அறிவிக்கப்பட்டால் அறிவிப்பு நீங்கும் வரை கூட்டில் அடைத்தல். அந்நாட்களில் கூளத்தை 4 அங்குலமாக உயர்த்தி, கலப்புத் தீவனம் வாங்கி, கீரைக் கட்டைக் கயிற்றில் தொங்கவிட்டுக் கொத்தச் செய்யவேண்டும். சில வாரம் அடைபட்டிருப்பதைக் கோழி தாங்கும். அதற்குரிய ஏற்பாடு வேண்டும் என்பதே நாம் சொல்வது.

பட்டிக்கு இடமே இல்லாத நெசவாளர் வீடுகள் உண்டு. முன்னே தறி, பின்னே சந்து, அவ்வளவே வீடு. அவர்கட்கு நேரமே வேலியாகும். கோழிகள் பெரும்பாலும் முற்பகலிலேயே முட்டையிடுகின்றன. பாவடி வேலையும் வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். ஆதலின் காலை பத்து மணி வரை கூட்டில் வைத்திருந்து பின்னர் அவிழ்த்துவிட்டால், பாவுக்கும் கேடில்லை. முட்டையும் அடுத்தவர் வைக்கோற்போரில் போய் மறையாது. பகலெல்லாம் விட இயலாதவர் மாலை நான்கு மணியிலிருந்து அந்தி வரையாவது ஒருவர் கண்பார்வையில் விடவேண்டும். அதுவும் இயலாதவர் கோழி எண்ணிக்கையை நான்கைந்தாகக் குறைத்துக்கொள்ளுவதே மேல். கடன் மனு வரும்போதே இதனைக் கேட்டறிதல் செயலாளரின் கடமை. இனி நாமும் கேட்போம்.

மேற்கூறிய சங்கத்தில் சென்ற மாதக் குழுக் கூட்டத்தில் பழைய தீர்மானம் நீக்கப்பட்டது. நம் யோசனை தவறாயிற்று என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுதும்படி நாமே கேட்டுக்கொண்டோம். காலை பத்து மணிக்கு முன் பாவடிப் பக்கம் எவர் கோழியும் வரலாகாது; வந்து பாவு கெட்டால் இழை முடியும் கூலியைக் கோழிக்குரியவர் கொடுக்கவேண்டும் என்று இரு தரப்பாரும் ஒப்பினர். முதலில் பாவு கெட்டவருக்குரிய கூலியும் அன்றே பேசித் தீர்க்கப்பட்டது. நிலுவையிலுள்ள மூவருக்கும் தவணையை ஆறு மாதம் தள்ளி வைக்கப் பரிந்துரை அனுப்பியுள்ளோம். அம்மூவருள் ஒருவர் அதற்குள் பட்டி அமைத்துவிட்டார். ஐந்தாவது வாரத்தில் அவர் வீட்டில் நாளுக்கு மூன்று முட்டை வரத் தொடங்கியிருக்கின்றது. இறகு போன முதுகுகளில் இன்னும் இறகு முளைக்கவில்லை.

பட்டி அமைக்கும் செலவில் பெரும்பகுதி வலைக்கே ஆகின்றது. வீட்டின் பின்சுவரை ஒரு பக்கமாகக் கொண்டு, 10 அடிக்கு 10 அடியாக இரண்டு பட்டிகளை அடுத்தடுத்து அமைத்தால், முன்பக்கம் 20 அடி, இரு பக்கங்களிலும் பத்துப் பத்தடி, நடுத்தடுப்பு 10 அடி, ஆக 50 அடி வலை வேண்டும். தனித்தனியே சில்லறையாக வாங்குவதைவிடச் சங்கத்தின் வழியாகச் சுருளாக வாங்கிப் பகிர்ந்தால் விலை குறையும். வேண்டுவோர் எத்தனை அடி என்பதைத் தத்தம் சங்கச் செயலாளரிடம் இம்மாத இறுதிக்குள் எழுதிக் கொடுக்கக் கோருகிறோம். படல் கட்டி வாசல் விடும் இடத்துக்கு, ஒவ்வொரு பட்டிக்கும் மூன்றடி கழித்துக்கொள்ளலாம்.